தீய இரும்பு தேடும் கோல்

கோடை விழாவுக்கு வந்த கூட்டம் அந்த வருடம் பூக்களைப் பார்க்கவில்லை. ஏற்காடு ஏரியில் படகுகள் சும்மா கிடந்தன. மனிதர்கள் எல்லாரும் நாகலூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நாகலூரில், சுகுணாவின் காபித் தோட்டத்தில், ஒரு கவச வண்டி நின்றது. வண்டியின் உச்சியில் ஒரு சாமியார் நின்றார். சாமியாரின் கையில் ஒரு கோல் இருந்தது. மண்ணுக்குள் புதைத்த கண்ணிவெடியை அந்தக் கோல் காட்டிக் கொடுக்கும். எப்படி என்று கேட்கக்கூடியவர்கள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

வண்டியின் பெயர் மலைவேங்கை. காலாட்படை வீரர்கள் உட்கார்ந்து மலையேறிப் போக, தோட்டா துளைக்காத இலகுரக வண்டி வேண்டும் என்று ராணுவம் கேட்டிருந்தது. சேலத்தில் தண்ணீர் லாரிக்குக் கூண்டு கட்டிக்கொண்டிருந்த கவசவேலன் மோட்டார்ஸ் முதலாளி சிவக்குமார், லாரிக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று களத்தில் இறங்கிவிட்டார். சோதனை ஓட்டத்துக்குச் சேர்வராயன் மலையின் வளைவுகள் வசதியாக இருந்தன. சுகுணாவின் தோட்டம் அதைவிட வசதியாக இருந்தது.

வண்டி வந்த அன்றே அதன் மூக்கில் எலுமிச்சம்பழ மாலை ஏறிவிட்டது. துப்பாக்கி பொருத்தும் வளையத்தில் மிளகாய்ச் சரம் தொங்கியது. ஒருவர் புதிதாக வாங்கிய பைக்கைக் கொண்டுவந்து வண்டியின் பக்கத்தில் நிறுத்தி, கோலின் பார்வை படட்டும் என்று காத்திருந்தார். காணாமல் போன கம்மலைக் கோல் காட்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். அதற்குத் தனிப் பூஜை என்று சாமியாரின் உதவியாளர் சொன்னார். கண்ணிவெடி நாட்டுக்கு, கம்மல் வீட்டுக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி.

சாமியாரின் முழுப் பெயர் பூமிநேத்திர அடிகள். மூன்று வருடத்துக்கு முன் அவர் ராஜேந்திரன். செம்மநத்தம் பக்கம் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காடு காடாக நடப்பார். நீரோட்டம் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே போர்வெல் போட்டால் தண்ணீர் வரும். வராவிட்டால் போர்க்காரன் நாலடி தள்ளிப் போட்டிருப்பான், அல்லது வீட்டில் யாரோ சுத்தமில்லாமல் இருந்திருப்பார்கள். தேங்காய் தப்பு செய்ததாக இதுவரை ஒரு வழக்கும் இல்லை.

இப்போது அவர் காவி வேட்டியின் மேல் ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட சால்வை போர்த்தியிருந்தார். தேங்காய் போய்ப் பித்தளைக் கோல் வந்திருந்தது. கைப்பிடியில் தளர்வாகச் செருகிய கம்பி. மணிக்கட்டு கொஞ்சம் சாய்ந்தால் திரும்பும். அது சாதாரண இரும்பைப் பார்த்துத் திரும்பாது என்றும், கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு மண்ணில் வைத்த தீய இரும்பைப் பார்த்துத்தான் திரும்பும் என்றும் அடிகள் சொன்னார். தன் காலடியில் டன் கணக்கில் இரும்பு நிற்கிறதே என்று யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிட்டார். கெட்டிக்காரர்.

சுகுணாவின் தோட்டத்துக்கு அவர்கள் வந்ததற்குக் காரணம் அவளுடைய போர்வெல். அவர் காட்டிய இடத்தில்தான் அவளுக்குத் தண்ணீர் கிடைத்தது. அதை அவள் வாயாலேயே சொல்ல வைத்து சிவக்குமார் வீடியோ எடுத்தார். "அவர் சொன்ன எடத்துல தண்ணி வந்துச்சுங்க" என்று சுகுணா சொன்னாள். பொய்யில்லை. அது மூன்றாவது போர். முதல் இரண்டும் அவர் சொன்ன இடம்தான். தண்ணீர் வந்த குழியின் மேல் மோட்டார் இருக்கிறது; வராத குழிகளின் வாயில் ஆளுக்கொரு கல் இருக்கிறது. கல்லை யார் படம் எடுப்பார்கள்?

சுகுணா விவசாயப் பட்டம் வாங்கியவள். அப்பா விட்டுப்போன தோட்டத்தைத் தானே பார்க்கிறாள். காபி இலையில் துரு நோய் விழுந்தால் மருந்து தெளிப்பாள். மந்திரம் போடலாம் என்று யாராவது சொன்னால் சிரிப்பாள். ஆனால் அவள் மனத்தில் ஒரே ஒரு மூலையில் விளக்குப் போட்டதில்லை. அந்த மூலையில் அவள் கணவன் பொன்னுவேல் இருந்தான். காலாட்படையில் ஹவில்தார். செய்தியில் கண்ணிவெடி என்ற சொல் வரும்போது அவள் கை தானாகவே டிவியை மாற்றிவிடும். மலைவேங்கையை ராணுவம் வாங்கினால் முதல் தொகுதி அவனுடைய பட்டாலியனுக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. ஆகவே கோல் உண்மையாக இருக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது. விரும்பினாள். விருப்பத்தை யாராவது வந்து நம்பிக்கை என்று பெயர் மாற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். ராஜேந்திரன் விற்றது அந்தப் பெயர் மாற்றத்தைத்தான்.

சோதனைக்கு முதல் நாள் பொன்னுவேல் போனில் வந்தான்.

"என்ன, நம்ம தோட்டத்துல திருவிழாவாமா?"

"ஏனுங்க, கேலி பண்ணாதீங்க. அந்தக் கோலு நொம்ப நல்லா வேலை செய்யுதுன்னு சொல்றாங்க."

"செய்யட்டும். கீழ தகடு எத்தனை கனம்னு கேட்டியா?"

"எந்தத் தகடுங்க?"

"நாங்க கால் வெச்சிருக்கிற தகடு. வெடி கீழ இருந்துதானே வரும், சுகுணா. மேல நிக்கிற சாமியாருக்கு அது கடைசியாத்தான் தெரியும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு அவளை உறுத்தியது. அவன் கால் வைக்கும் இடத்தைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. அவள் பார்த்ததெல்லாம் வண்டியின் உச்சியை.

அன்று மத்தியானம் ஒத்திகை. வீட்டுக்குக் கீழே இருந்த புல்தரையில் அடிகள் மந்திரித்துத் தீய எண்ணம் ஏற்றிக் கொடுத்த, சாப்பாட்டுத் தட்டு அளவு இரும்புத் தகடுகளைக் கம்பெனி ஆட்கள் புதைத்தார்கள். அடிகள் தோட்டத்து எல்லைக்கு அப்பால் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தார். பிறகு வந்து வண்டியில் ஏறினார். கோல் திரும்பிய இடமெல்லாம் தோண்டினார்கள். ஒன்று விடாமல் கிடைத்தது. வேலிக்கு வெளியே நின்ற கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சுகுணாவுக்கும் கண்ணில் நீர் கட்டியது.

மறுநாளுக்காகத் தகடுகளை வேறு இடங்களில் மறுபடி புதைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அந்த நேரத்தில் சுகுணாவின் கோழி ஒன்று புல்தரையில் இறங்கியது. நேராகப் போய் ஓரிடத்தில் சீய்த்தது. தகடு. அங்கிருந்து நடந்தது, வழியில் எங்கும் நிற்கவில்லை, இன்னோரிடத்தில் சீய்த்தது. தகடு. அடுத்ததும் அப்படியே. தியானம் இல்லை, சால்வை இல்லை, கோலும் இல்லை.

சுகுணா படியில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். புல்தரையில் புதிதாகக் கொத்திய மண் அங்கங்கே வட்டமாகக் கறுத்துக் கிடந்தது. கொத்தின மண்ணில் புழு இருக்கும். கோழிக்குத் தெரியும். புழு வேண்டாதவர்களுக்கும் அந்தக் கறுப்பு வட்டம் தெரியும், பார்த்தால். ஒத்திகை முழுக்க அவளும் அங்கேதான் நின்றாள். அவள் கோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோலைப் பிடித்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் பொன்னுவேல் கேட்ட தகடு நினைவுக்கு வந்தது.

வண்டி ஓட்டும் யுவராஜைக் கூப்பிட்டு அவளே சோறு போட்டாள். சேலத்துப் பையன், பசியில் உண்மை பேசுகிற ரகம். அடித்தகட்டைப் பற்றிக் கேட்டாள்.

"அதை ஏங்க்கா கேக்கறீங்க. மொதல்ல ராணுவம் சொன்ன கனத்துலதான் போட்டோம். வண்டி குண்டாயிருச்சு. கொண்டை ஊசி வளைவுல மூச்சு வாங்குது. அப்பறம் மொதலாளி இவரைக் கூட்டியாந்தாரு. வெடியைத் தொடறதுக்கு முன்னாலயே கோலு காட்டிருமே, அடியில எதுக்கு அவ்வளவு இரும்புன்னு பாதியாக் கொறைச்சுட்டாங்க. இப்ப மலையில மானாட்டம் ஏறுது."

"அதுல நீ போவியா கண்ணு? நிஜமான வெடி இருக்கிற ரோட்டுல?"

யுவராஜ் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "நான் டிரைவர்தானுங்க்கா" என்றான். அப்புறம் ரசத்தைக் கேட்டான்.

ஆக, கோல் கூடுதலாக வந்த பாதுகாப்பு இல்லை. இருந்த பாதுகாப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செருகிய கம்பி. பொன்னுவேலின் காலுக்கும் வெடிக்கும் நடுவில் இப்போது பாதித் தகடும் ராஜேந்திரனின் மணிக்கட்டும் இருந்தன. அதற்குச் சாட்சியாகச் சுகுணாவின் முகம் வீடியோவில் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ராணுவத்திலிருந்து மேஜர் ஷெர்லின் வந்தார். நாகர்கோவில்காரர், குறைவாகப் பேசினார். வண்டி ஏறுவதையும் நிற்பதையும் பார்க்கத்தான் அவர் வந்தது. கோல் ராணுவம் கேட்ட சாமான் இல்லை. கம்பெனி இலவசமாகத் தருவது. ஆனால் மேலே யாரோ சுகுணாவின் வீடியோவைப் பார்த்து மயங்கி, அதையும் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். அடித்தகட்டை அளக்க வேண்டாமா என்றால், கோலின் பலன் தெரிந்த பிறகு அதை முடிவு செய்துகொள்ளலாம் என்று உத்தரவு. கோல் ஜெயித்தால் பாதித் தகடு போதும்.

கோல் ஜெயித்தது. புல்தரையில் எல்லாத் தகடுகளும் கிடைத்தன. கூட்டம் அடிகளின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. வேலிக் கம்பி இரண்டு இடத்தில் வளைந்தது. சிவக்குமார் மேஜரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுத் தமிழில் சிரித்தார். மேஜர் சிரிக்கவில்லை, ஆனால் மறுத்துச் சொல்லவும் கையில் எதுவும் இல்லாதவர் போல நின்றார்.

சுகுணா அவரிடம் போனாள். இத்தனை பேரின் சந்தோஷத்துக்குக் குறுக்கே நடப்பது, ஓடும் தண்ணீரில் நடப்பதைப் போலக் கனமாக இருந்தது. இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்கள் என்று கேட்டாள். புல்தரையில் வேண்டாம். மேலே, புதிதாகக் காபி வைக்கப்போகிற காட்டில். அங்கே நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் நாற்றுக்குழிகள் வரிசை வரிசையாக வெட்டி, எருப் போட்டு மூடி, மழைக்காகக் காத்திருந்தன. காடு முழுக்கக் கொத்தின மண். எல்லாக் குழியும் ஒரே கறுப்பு, ஒரே வட்டம்.

"இதே தகடுங்க, மேடம். வேற இரும்பு வேண்டாம். ஒவ்வொரு தகட்டு மேலயும் ஒரு பாலித்தீன் பை நெறையா அடுப்புச் சாம்பலைக் கட்டி வெச்சிரலாம். வண்டி ஏறினாப் பை வெடிக்கும். ஏறுச்சா இல்லையான்னு அப்பறம் யாரும் சண்டை போட வேண்டியதில்லீங்க."

"யார் புதைப்பாங்க?"

"எங்க ஆளுங்க ரெண்டு பேரு. பொதைச்சு முடிச்சதும் ஏற்காட்டுக்கு பஸ் ஏத்தி விட்டிருவேன். எந்தக் குழின்னு எனக்கே தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சவங்க இங்க நின்னா, அவங்க மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிருவாரு."

மேஜர் முதல் முறையாக அவளை நன்றாகப் பார்த்தார். பிறகு சிவக்குமாரிடம் திரும்பி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் மேல்காட்டில் ஒரு சுற்று என்றார்.

அடிகளுக்கு உடனே நாள் நட்சத்திரம் சரியில்லாமல் போயிற்று. மேல்காட்டில் வனதேவதை இருக்கிறாள் என்றார். எருவில் சாணம் இருக்கிறது, சாணம் தூய்மையானது, தூய்மை தீயதை மறைக்கும் என்றார். அப்படியானால் எதிரிகள் வெடியின் மேல் கொஞ்சம் சாணம் போட்டால் போதுமா என்று மேஜர் கேட்டார். அடிகள் அதை யோசித்துப் பார்த்திருக்கவில்லை. சிவக்குமார் அவர் காதில் ஏதோ சொன்னார். கூட்டமோ, இன்னொரு அற்புதம் கிடைக்கப்போகிறது என்று மேட்டில் ஏற ஆரம்பித்துவிட்டது. பக்தர்கள் முதுகில் தள்ள, அடிகள் வண்டியில் ஏறினார்.

சுகுணாவின் வேலையாட்கள் சின்னத்தாயியும் அன்பழகனும் அதற்குள் வேலையை முடித்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள்.

யுவராஜ் வண்டியை மெதுவாக விட்டான். அடிகள் தரையைப் பார்த்தார். தரை முழுக்கச் சாட்சி. அதனால் சாட்சியே இல்லை. கூட்டத்தின் முகங்களைப் பார்த்தார். எல்லா முகத்திலும் அவர்மேல் நம்பிக்கை மட்டும் இருந்தது. அது இப்போது எந்த உதவிக்கும் ஆகவில்லை.

கோல் திரும்பியது. தோண்டினார்கள். எரு.

"கொஞ்சம் ஆழமா இருக்கும்" என்றது கூட்டம். ஆழமாகத் தோண்டினார்கள். ஆழமான எரு.

மறுபடி கோல் திரும்பியது. இம்முறை ஒரு கல் கிடைத்தது. சேலத்து மண்ணில் கல்லிலேயே இரும்பு உண்டு என்று ஒரு படித்தவர் விளக்கம் சொன்னார். சிலர் கைதட்டினார்கள். தவறு செய்வதற்கு அடிகள் கஷ்டப்பட வேண்டியதில்லை. அதைச் சரி செய்யும் வேலையைக் கூட்டமே எடுத்துக்கொண்டது.

அடிகள் தெம்படைந்து, கோலை நேராக நீட்டி, முன்னே வழி சுத்தம் என்று கை காட்டினார். யுவராஜ் வண்டியை முன்னே விட்டான்.

படீர் என்றது. பெரிய சத்தம் இல்லை. முன் சக்கரத்துக்கு அடியிலிருந்து சாம்பல் புகையாக எழுந்தது. யுவராஜ் பதறிப் பின்னால் எடுத்தான். பின் சக்கரம் இன்னொன்றின் மேல் ஏறியது. காற்று கீழிருந்து மேட்டை நோக்கி வீசிக்கொண்டிருந்ததால் இரண்டு பைச் சாம்பலும் திரண்டு வண்டியின் உச்சிக்கே போயிற்று. புகை விலகியபோது பூமிநேத்திர அடிகள் தலை முதல் இடுப்பு வரை வெள்ளையாக நின்றார். சாமியார் வேலைக்கு வந்த நாளிலிருந்து உடம்பு நிறையத் திருநீறு பூசியது அன்றுதான். தும்மினார். கோல் கையிலிருந்து நழுவி, வண்டியின் தகட்டில் அடித்து, கீழே விழுந்தது. எந்தத் திசையையும் காட்டவில்லை.

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். சுகுணாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வண்டியின் பக்கவாட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே, சக்கரத்துக்கு நேர் மேலே, பொன்னுவேல் உட்காரப்போகும் பலகை. சாம்பல் அதன் அடியிலிருந்து இன்னும் கசிந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் மாற்றி மாற்றி வைத்த டிவியை இன்று யாரோ அவள் முகத்துக்கு நேராக நிறுத்திவிட்டது போலிருந்தது. இந்த முறை அவள் பார்வையைத் திருப்பவில்லை. முழுக்கப் பார்த்தாள்.

கோல் களைத்துப் போய்விட்டது என்று சிவக்குமார் சொல்லிப் பார்த்தார். எல்லையில் கோல் களைத்தால் விடுப்புக் கொடுக்க எங்களிடம் விதி இல்லை என்றார் மேஜர். பிறகு ஆட்களை அழைத்து வண்டியின் அடியில் படுக்கச் சொன்னார். அடித்தகட்டை அளந்தார்கள். அளவைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. ராணுவம் கேட்ட கனம் வரும்வரை இந்த வண்டி அடுத்த சோதனைக்குப் போகாது என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

"அவ்வளவு கனம் போட்டா மலை ஏறாதுங்க, மேடம்" என்றார் சிவக்குமார்.

"ஏறுற மாதிரி இன்ஜின் போடுங்க. நாங்க கேட்டது வண்டி."

சுகுணா வீடியோவைப் பற்றிப் பேசினாள். வராத இரண்டு போரையும் சேர்த்துப் படம் எடுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் நானே போட்டுவிடுவேன் என்றாள். சிவக்குமார் அந்த வீடியோவையே நீக்கிவிடுகிறேன் என்று தலையாட்டினார். அடிகள் சால்வையை உதறிக்கொண்டு ஜீப்பைத் தேடினார். ஜீப்காரன் சாம்பலோடு சீட்டில் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், ராஜேந்திரனாகவே நாகலூர் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்.

இத்துடன் முடிந்திருக்க வேண்டும். சுகுணாவும் அப்படித்தான் நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது, வண்டி நின்ற இடத்தில் ஒரு கூட்டம் குனிந்து உட்கார்ந்திருந்தது. சிதறிய சாம்பலைக் கைக்குட்டையிலும் பேப்பரிலும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். செம்மநத்தத்து கிருஷ்ணம்மாள் முந்தானை நுனியில் முடிந்துகொண்டிருந்தாள். அவள் மகன் போன மாதம்தான் படையில் சேர்ந்திருந்தான்.

சுகுணா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த முடிச்சைப் பார்க்க அவளுக்குக் கோபம் வரவில்லை. அது எப்படிப்பட்ட முடிச்சு, எதைப் போட்டு முடிவது என்று அவளுக்குத் தெரியும்.

"ஏனுங்க்கா, இது என் ஊட்டு வெந்நீர் அடுப்புச் சாம்பலுங்க."

"இருக்கட்டும் கண்ணு. பெரியவர் மேல பட்டுச்சல்ல. பையனுக்குக் காவலா அனுப்பலாம்னுதான்."

"அவர் மேல ஏன் பட்டுச்சு? கீழ என்ன இருக்குதுன்னு அவருக்குத் தெரியாததாலதானுங்க பட்டுச்சு. இதே நெசமான வெடியா இருந்திருந்தா, இந்த முந்தானையில இப்ப அவரைத்தான் முடிஞ்சிருப்பீங்க."

கிருஷ்ணம்மாள் முந்தானை நுனியைக் குனிந்து பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்து உதறினாள். "அப்ப எம் பையனுக்கு என்னத்தைத்தான் அனுப்பறது?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்தது கேள்விதான். அது வந்ததே பெரிது.

"அவன் உக்கார்ற வண்டிக்கு அடியில என்ன போட்டிருக்காங்கன்னு கேட்டு எழுதுங்க. நானும் கேக்கறேன். ரெண்டு பேரு கேட்டா நாலு பேரு கேப்பாங்க."

மற்றவர்கள் நிமிரவே இல்லை. பேப்பர் கிழிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கேரி பை கடன் கேட்டார்கள். சுகுணா எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பாத்திரம் தேய்க்க நல்ல சாம்பலுங்க. தாராளமா அள்ளிட்டுப் போங்க. நெத்தியில மட்டும் பூசிராதீங்க. நெத்திக்குப் பின்னால ஒண்ணு நொம்ப நாளாச் சும்மா கெடக்குது. முடிஞ்சா அதையும் ஒரு தடவை தேய்ச்சுப் பாருங்க."